சவுதியிலிருந்து ஒரு பெட்டி வீடு வந்து சேர: அக்கவுண்டன்ட் அண்ணன் செய்த வேலை

கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய ஒருவர் இறந்தால் அஞ்சலி எப்படி நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். சந்திப்பில் ஃபிளெக்ஸ் வைப்பார்கள். ஆலயத்திலோ கோயிலிலோ வழிபாடு நடக்கும். பதினாறு அல்லது நாற்பத்தொன்று வரும். ஓராண்டு நிறைவில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு பீரோவோ நான்கு மின்விசிறியோ போய்ச் சேரும். மேடையில் பேசுகிறவர்கள் "நல்ல மனுஷன், யார் கேட்டாலும் உதவி செய்வார்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் என்ன உதவி, அதை எப்படிச் செய்தார், இனி அதை யார் செய்வது என்ற கேள்விகளுக்கு அந்த மேடையில் பதில் கிடைப்பதில்லை.

தக்கலைப் பக்கத்துக்காரர் ஒருவர் கடந்த ஆண்டு காலமானார். சவுதியின் தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவர். வீட்டார் விரும்பவில்லை என்பதால் பெயரைச் சொல்லவில்லை. அங்கே லேபர் கேம்ப்களில் அவருக்கு 'அக்கவுண்டன்ட் அண்ணன்' என்றுதான் பெயர். வேலை நேரம் போக மீதி நேரத்தில் அவர் செய்த தொண்டு பெரும்பாலும் ஒன்றுதான். அங்கே இறந்துபோனவர்களை ஊருக்கு அனுப்பி வைப்பது, பிறகு அவர்களுக்கு வர வேண்டிய பணத்தை வீட்டுக்கு வரவைப்பது. அவருடைய குணத்தைப் பற்றி ஊரார் நிறையப் பேசிவிட்டார்கள். நான் அந்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். அது யாரும் கற்றுக்கொள்ளக் கூடிய வேலை. அதைக் கற்றுக்கொள்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று உறுதியாக நம்புகிறேன்.

நம் மாவட்டத்துக்கு இப்படி ஒரு வேலை ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரியின் மக்கள்தொகை 18,70,374. பரப்பளவோ 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. படிப்பறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பங்கு வைத்துப் பங்கு வைத்து நிலம் சுருங்கிவிட்டது. படித்த பிள்ளைகளையெல்லாம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இங்கே தொழிற்சாலையும் கிடையாது. நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியதால், நர்ஸ் படிப்பும் ஆஸ்பத்திரி வேலையும் மற்ற மாவட்டங்களுக்கு முன்பே இங்கே பழக்கமாகிவிட்டன. அந்தப் படிப்பு பலரைக் கல்ஃப் வரை கொண்டுபோய் விட்டது. கரையோரம் வேறு கதை. குளச்சல், இனயம், தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக உள்ள ஊர்களிலிருந்து மீனவர்கள் சவுதியின் ஜுபைலுக்கும் கத்தீஃபுக்கும், பஹ்ரைனுக்கும், ஈரானுக்கும் போகிறார்கள். அங்கே கூலிக்கு விசைப்படகில் ஏறுகிறார்கள்.

அக்கவுண்டன்ட் அண்ணன் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டிய சிக்கல் இன்னொன்று உண்டு. அது நம் எல்லை. நமக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். தம்மாமிலிருந்தோ குவைத்திலிருந்தோ வரும் பெட்டி அங்கேதான் இறங்கும். பிறகு பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக ஆம்புலன்ஸில் வீடு வரும். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணைந்தன. இறங்குவது கேரளத்தில், காகிதம் தமிழ்நாட்டுடையது. கேரளம் வெளிநாட்டில் வாழும் மலையாளிகளுக்காக நோர்க்கா என்ற துறையை 1996-லேயே தொடங்கிவிட்டது. உடலை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக இலவச ஆம்புலன்ஸ் ஏற்பாடும் அவர்களுக்கு இருக்கிறது. கே.எம்.சி.சி. போன்ற மலையாளி அமைப்புகள் சவுதி முழுக்க ஆள் வைத்து உதவுகின்றன. நம் பக்கம் அயலகத் தமிழர் நலச் சட்டம் 2011-இல் வந்தது. அதன் கீழ் வாரியம் அமைந்து இயங்கத் தொடங்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுவது 2022 முதல்தான். அதற்கு முந்தைய நீண்ட இடைவெளியைத் தனி ஆட்கள்தான் தாங்கினார்கள். மலையாளித் தொண்டர்கள் நம் ஆட்களுக்கும் முகம் சுளிக்காமல் செய்தார்கள், அதை மறக்கக் கூடாது. அண்ணன் இந்த வேலையைப் படித்ததே அவர்களிடமிருந்துதான்.

சரி, அந்த வேலை எப்படி நடக்கும்?

கேம்பில் ஒருவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் முதலில் தெரிவது பக்கத்துக் கட்டில்காரருக்கு. அவர் போலீஸுக்கும் கம்பெனிக்கும் சொல்கிறார், அப்புறம் அண்ணனுக்குப் போன் வரும். அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மக்களே, வீட்டுக்கு யாரும் போன் போட்டீங்களா?" இல்லை என்றால், "போடாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். மனைவிக்கு நேரடியாகப் போன் போகக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். பங்குத்தந்தைக்கோ, போதகருக்கோ, ஜமாஅத் செயலாளருக்கோ, அண்ணன் தம்பி யாருக்கோ சொல்லி, அவர்கள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்வி இக்காமா எண், அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையின் எண். மூன்றாவது, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பது.

ஆஸ்பத்திரியில் இறந்தால் அங்கேயே இறப்பு அறிக்கை கிடைக்கும். அறையிலோ ரோட்டிலோ கடலிலோ இறந்தால் உடல் பிணவறைக்குப் போகும், போலீஸ் விசாரணை முடிய வேண்டும். இயற்கை மரணம், காகிதமெல்லாம் சரி என்றால் ஒன்றிரண்டு வாரங்களில் உடல் ஊர் வந்துவிடலாம். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டில் பந்தல் போட்டுக் காத்திருக்கும் உறவினர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, "ஏன் இன்னும் அனுப்பல" என்று சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்தையும் அண்ணன்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் ஊரிலிருந்து ஒரு காகிதம் போயாக வேண்டும். இறந்தவரின் சட்டப்படியான வாரிசு, உடலை ஊருக்கு அனுப்பச் சம்மதம் என்றோ அங்கேயே அடக்கலாம் என்றோ எழுதி, வேலையை முடிக்க இன்னாருக்கு அதிகாரம் தருகிறேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு, நோட்டரி சான்றோடு அனுப்ப வேண்டும். சவுதியில் உடலை எரிக்க அனுமதி இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களை அடக்கும் இடங்களும் அங்கே அரிது. அதனால் இந்து, கிறிஸ்தவ வீடுகள் அநேகமாக உடலைக் கேட்கும். திருவிதாங்கோட்டிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ உள்ள முஸ்லிம் குடும்பங்கள் பல, அந்த மண்ணிலேயே அடக்கம் நடப்பதை விரும்பிச் சம்மதிக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் படிவத்தை அண்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாராக வைத்திருந்தார். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் மட்டும் நிரப்பினால் போதும். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள சில டைப்பிங் கடைக்காரர்களிடம் அந்தப் படிவம் இன்றைக்கும் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

சம்மதக் கடிதம் வந்ததும் ரியாத்திலுள்ள இந்தியத் தூதரகம் மரணத்தைப் பதிவுசெய்து, பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, ஆட்சேபனை இல்லை என்று சான்று தரும். உள்ளூரில் சிவில் அலுவலகமான அஹ்வால் மதனியில் இறப்புச் சான்றிதழ், குடியேற்ற அலுவலகமான ஜவாசாத்தில் கடைசி எக்ஸிட், பிணவறைக்கும் விமான நிலையத்துக்கும் போலீஸ் கடிதங்கள். அப்புறம் உடல் கெடாமல் பதப்படுத்தும் எம்பாமிங், அதற்குச் சான்றிதழ், பெட்டி, கார்கோ புக்கிங். இந்திய விமான நிலையத்தில் சுகாதார அதிகாரியின் அனுமதி தனி. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு ஈ-கேர் என்ற இணையதளத்தைத் தொடங்கிய பிறகு, அந்த அனுமதியை முன்கூட்டியே வாங்கும் வழி வந்தது. நல்ல மாற்றம் அது.

இந்த அலைச்சலில் அண்ணன் யாரிடமும் ஒப்படைக்காத காரியம் ஒன்று உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன் பிணவறைக்கு அவரே போவார். நம் ஊர்ப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆலயப் பங்கில் எத்தனை அந்தோணி, எத்தனை மிக்கேல்! ஒரே தெருவில் எத்தனை செல்வராஜ், எத்தனை மணி! பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து வரும், அது அரபியில் எழுதப்படும்போது உச்சரிப்பு மாறும், பிணவறையில் மறுபடி ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு பெயராகவே ஆகிவிடும். உடல்கள் மாறிப்போய், அடக்கத்துக்கு முன் பெட்டியைத் திறந்து பார்த்து ஊரே அதிர்ந்த சம்பவங்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் செய்தியாக வந்திருக்கின்றன. அதனால் அவர் பாஸ்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கால் விரலில் கட்டிய அட்டையை எழுத்தெழுத்தாகப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், பிறகு பெட்டியின் மேலே எழுதியதையும் ஒத்துப் பார்ப்பார். கணக்குப் புத்தகத்தில் வவுச்சரைச் சரிபார்த்துப் பழகிய கண் அது.

செலவு யாருடையது? வேலை கொடுத்தவருடையது என்பதுதான் பொதுவான சட்டம். நல்ல கம்பெனிகள் மறுபேச்சு இல்லாமல் கட்டும். சிக்கல் மற்றவர்களுக்குத்தான். விசா கொடுத்த முதலாளியான கஃபீலை விட்டு ஓடிப்போனதாகப் பதிவாகி 'ஹுரூப்' ஆனவர், இக்காமா காலாவதியானவர், விசாவில் ஒரு வேலையும் கையில் வேறு வேலையும் பார்த்தவர். இவர்களுக்குக் கைகொடுப்பது இந்தியச் சமூக நல நிதி. 2009-இல் ஏற்படுத்தப்பட்டு, 2017-இல் விதிகள் விரிவாக்கப்பட்ட இந்த நிதியிலிருந்து, யாரும் செலவை ஏற்காத உடலை ஊருக்கு அனுப்பத் தூதரகம் பணம் தரலாம். அது இருக்கிறது என்றே தெரியாமல் கேம்பில் பத்து ரியால், இருபது ரியால் என்று வசூல் செய்த காலம் உண்டு. உடலை எடை போட்டுக் கார்கோ கட்டணம் வாங்கும் வழக்கமும் பல ஆண்டுகள் இருந்தது. கல்ஃப் இந்தியர்கள் விடாமல் எதிர்த்த பிறகு, 2019 ஜனவரியில்தான் ஏர் இந்தியா அமீரகத்திலிருந்து பெரியவர்களுக்கு 1,500 திர்ஹம், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 750 திர்ஹம் என்று ஒரே கட்டணமாக்கியது. இறந்த மனிதனைத் தராசில் ஏற்றியதை இப்போது நினைத்தாலும் மனசு கொதிக்கிறது.

உடல் ஊருக்குப் போனதும் பெரும்பாலான தொண்டர்களின் வேலை முடிந்துவிடும். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதுவே பெரிய சுமை. அண்ணனின் தொழில் படிப்பு பயன்பட்டது அதற்குப் பிறகுதான். சவுதி தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளமும் பணிநிறைவுத் தொகையாகக் கொடுக்க வேண்டும். 2,000 ரியால் சம்பளத்தில் 12 ஆண்டு வேலை பார்த்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுக்கு 5,000, அடுத்த ஏழு ஆண்டுக்கு 14,000, ஆக 19,000 ரியால். எடுக்காத லீவுக்கான சம்பளம், பாக்கிச் சம்பளம் தனி. துக்கத்தில் இருக்கும் வீட்டுக்குக் கம்பெனி ஒரு தொகையைச் சொன்னால், "சரி சார், அனுப்புங்க" என்றுதான் பதில் போகும். அண்ணன் அப்படி விடமாட்டார். வேலையில் சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளச் சீட்டு, லீவு எடுத்த விவரம் மூன்றையும் வாங்கி, ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் போட்டு, கம்பெனிக் கணக்காளரிடம் போய் உட்கார்ந்துவிடுவார். சண்டை போட மாட்டார். அவரும் கணக்காளர், எதிரில் இருப்பவரும் கணக்காளர். "இந்த வரியில எனக்கு ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

வேலையிடத்தில் விபத்து நடந்து இறந்தால் இன்னொரு வாசலும் உண்டு. சவுதியின் சமூகக் காப்பீட்டு நிறுவனமான கோசிக்கு, வெளிநாட்டுத் தொழிலாளியின் பணியிட ஆபத்துக்காகச் சம்பளத்தில் 2 சதவீதத்தை முதலாளி கட்டுகிறார். இழப்பீடு கிடைக்க வேண்டுமென்றால் முதல் அறிக்கையிலேயே 'பணியிட விபத்து' என்று பதிவாகியிருக்க வேண்டும். சாரத்திலிருந்து விழுந்து இறந்தவருக்கு 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதிவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும். அதனால்தான் அவர் முதல் நாளே போலீஸ் அறிக்கையை மொழிபெயர்த்துக் கேட்பார்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கலையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு, விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய் தரும். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான். ஆனால் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குத்தான் அது கட்டாயம், அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு. நம் மாவட்டத்தில்தான் எல்லாரும் பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் ஆயிற்றே! படிப்பில் முதலிடத்தில் இருப்பதாலேயே நம் வெல்டரும் எலக்ட்ரீசியனும் டிரைவரும் தானாகக் கிடைக்கும் அந்தக் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அந்தக் காப்பீடு இருக்கிற மீனவர்களுக்கோ பாலிசி எண் வீட்டில் யாருக்கும் தெரியாது. அயலகத் தமிழர் நல வாரியம் இப்போது உறுப்பினர்களுக்குக் காப்பீடு வைத்திருக்கிறது, பதிவு செய்தால்தான் கிடைக்கும். அண்ணன் கடைசி நாட்களில் ஆலயத்துக்கு வருகிறவர்களையும் டீக்கடையில் இருப்பவர்களையும் பிடித்து உட்காரவைத்துப் போனிலேயே பதிவு செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொரோனாக் காலத்தை ஒரு பத்தியில் முடிக்க முடியாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் கடைசியில் பயணிகள் விமானம் நின்றது. உடல்கள் சரக்கு விமானத்துக்காகக் காத்துக் கிடந்தன. ஏப்ரல் 23-இல் அபுதாபியிலிருந்து டெல்லிக்கு வந்த மூன்று உடல்கள் இறக்க விடாமல் அதே விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டன. இரண்டு நாள் கழித்து உள்துறை அமைச்சகம் புது வழிமுறை வெளியிட்ட பிறகுதான் வழி திறந்தது. கொரோனாவால் இறந்தவர்கள் அங்கேயே அடக்கமானார்கள். உடல் வராத வீடுகளுக்கு, எந்த இடத்தில் அடக்கினார்கள், குழி எண் என்ன என்பதையாவது கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஈரானில் மாட்டிக்கொண்ட நம் மீனவர்கள் உட்பட 687 பேரைக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஜூலை 1-இல் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அந்தப் பெயர்ப் பட்டியல்களைத் தயாரிக்க எத்தனையோ பேர் எங்கெங்கோ இருந்து உழைத்தார்கள், யார் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த பிறகு அண்ணன் இந்த முனையில் நின்றார். சொல்லப்போனால் இந்த முனைதான் அதிகம் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கிருந்து வரும் இழப்பீட்டுத் தொகை தூதரகம் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு வந்து, வாரிசுகளைச் சரிபார்த்த பிறகு பட்டுவாடா ஆகும். அதற்கு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பெயரில் ஓர் எழுத்து ஆதாரில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் ஒருவிதம் என்றிருந்தால் கோப்பு படுத்துவிடும். அடுத்தது பங்கு. இந்துவாக இருந்தால் தாய், மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு. கிறிஸ்தவராக இருந்து பிள்ளைகளும் இருந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, தாய்க்குப் பங்கில்லை. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு சட்டம். அம்மாவுக்கும் மருமகளுக்கும் இடையில் பேச்சு முறியும் இடம் இதுதான். அண்ணன் இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து, "சட்டம் இது. இனி நீங்க மனசாலே என்ன குடுக்கப் போறீங்கன்னு பேசுங்க" என்பார். பல வீடுகளில் மருமகளே மாமியார் பெயரில் ஒரு தொகையை வங்கியில் போட்டிருக்கிறார்.

அவருக்கு நினைவுச் சின்னம் வைக்க இப்போது ஊரில் பேச்சு நடக்கிறது. ஒரு பேருந்து நிழற்குடை என்கிறார்கள் சிலர். பள்ளியில் அறக்கட்டளைப் பரிசு என்கிறார்கள் சிலர். இரண்டும் நல்லதுதான். ஆனால் என் விருப்பம் வேறு. அவர் விட்டுப்போன படிவங்கள், தொலைபேசிக் குறிப்புகள், எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் என்ற பட்டியல் எல்லாம் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கின்றன. அதைத் தமிழில் ஒரு சிறு கையேடாக அச்சிட்டு, ஒவ்வொரு பங்குப் பேரவைக்கும் சேகரச் சபைக்கும் கோயில் கமிட்டிக்கும் ஜமாஅத்துக்கும் ஒன்று கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மாலை ஊர் வாசகசாலையில் இரண்டு பேர் உட்கார்ந்து, அயலகத் தமிழர் வாரியப் பதிவு, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார், வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் என்று செய்துகொடுக்கலாம். திரும்பி வந்த நர்ஸுகளும் கணக்காளர்களும் இன்ஜினீயர்களும் நம் ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் குமரி மாவட்டத்து உடல்களை வாங்கி வீடு சேர்க்கத் தமிழ்நாட்டின் பெயரில் ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும். சென்னையிலிருந்து பார்த்தால் அது வேறு மாநிலம். நமக்கு அது வீட்டு வாசல்.

அதுவரைக்கும், லீவுக்கு வந்து திரும்பிப் போகிறவர்களிடம் அவர் வழக்கமாகச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். பாஸ்போர்ட், இக்காமா நகல்கள் வீட்டில் இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த தேதி, கம்பெனியின் பெயரும் எண்ணும், சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி, காப்பீட்டு எண், கூடத் தங்கும் இரண்டு பேரின் போன் நம்பர் இவற்றை ஒரு தாளில் எழுதி மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்து, எதற்கு என்று சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்லத் தயங்குகிறவர்களிடம் அவர், "நீ சொல்லாட்டா, நாளைக்கு நான்தான் அவங்ககிட்ட கேக்கணும் மக்களே" என்பார். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் இன்றைக்கே அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பலாம்.